தளராத பரிசுத்தம்: குமரி மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஓர் அன்றாட வழிகாட்டி

கோடை விடுமுறையில் கன்வென்ஷன் கூட்டங்கள் நடைபெறும்போதும், லெந்து என்னும் தவக்கால நாட்களில் உபவாச ஜெபத்திற்குக் கூடும்போதும் நம் சபைகளில் அர்ப்பணிப்புக்குக் குறைவிருப்பதில்லை. பந்தலில் முழங்காற்படியிட்டு, இனி இந்தப் பாவத்தின் பக்கம் போகமாட்டேன் என்று கண்ணீரோடு தீர்மானிக்கிறவர்கள் உண்மையாகவே தீர்மானிக்கிறார்கள். அவர்களை மாய்மாலக்காரர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் பந்தல் பிரித்துச் சில வாரங்கள் கழிவதற்குள் பழைய கோபமும் பழைய பார்வையும் பழைய கள்ளக்கணக்கும் திரும்பி வந்துவிடுகின்றன, அடுத்த ஆண்டு அதே தீர்மானத்தை மறுபடியும் எடுக்க நேரிடுகிறது. அந்த அர்ப்பணிப்பை எழுச்சியோடு மட்டும் கட்டிவிட்டு, திங்கட்கிழமையின் வேலையோடும் கூலியோடும் பேச்சோடும் கட்டாமல் விட்டதே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே, வாரத்தின் ஏழு நாட்களிலும் பரிசுத்தத்தை எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதை, எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவரும் தம் வீட்டிலேயே தொடங்கக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் தெளிய வேண்டியது

பரிசுத்தம் என்பது நாம் உழைத்துச் சேர்த்துத் தேவனுக்கு முன்பாகக் கொண்டுபோய் வைக்கும் தகுதி என்று எண்ணுகிறவர், நன்றாக நடக்கும் நாட்களில் பெருமையிலும் தவறும் நாட்களில் விரக்தியிலும் போய் விழுவார். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, கட்சி பிரிந்து சண்டையிட்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்த அந்த மக்களையே முதலில் ‘கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்’ என்று அழைக்கிறார். அதன் பிறகுதான் அவர்களுடைய தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்துகிறார். இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது. நாம் கிறிஸ்துவுக்குச் சொந்தமானவர்கள் என்பதால்தான் பரிசுத்தமாக நடக்க முயல்கிறோம், அவருக்குச் சொந்தமாவதற்காக முயல்வதில்லை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபம், விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. அப்படியானால் ஒவ்வொரு நாளின் முதல் வேலையும் அந்த விருப்பத்தை அவரிடம் கேட்பதே. கேட்காமலே செய்யப்படும் ஒழுக்கம் சில மாதங்கள் ஓடும், பிறகு வறண்டுபோகும்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைக் கையில் எடுங்கள்

பரிசுத்தம் என்றவுடன் நம் ஊர்களில் பேச்சு பெரும்பாலும் நகை அணியலாமா, சினிமா பார்க்கலாமா, எத்தகைய உடை உடுத்தலாம் என்பதில் போய் நிற்கிறது. அந்தக் கேள்விகளை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால், ‘உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்று தொடங்கும் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் அடுத்தடுத்து எவற்றைப் பேசுகிறது என்று பாருங்கள்: தாய்தகப்பனுக்குப் பயப்படுதல், வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைத்தல், கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதிருத்தல், காது கேளாதவனைச் சபிக்காமலும் கண் தெரியாதவனுக்கு முன் தடுக்கல் வைக்காமலும் இருத்தல், கோள் சொல்லித் திரியாதிருத்தல், நரைத்தவர்களுக்கு முன்பாக எழுந்திருத்தல், தராசும் அளவும் நேராக இருத்தல். பரிசுத்தத்தை ஆசரிப்புக் கூடாரத்தின் திரைக்குள்ளே மட்டும் வைக்காமல், வயலுக்கும் சந்தைக்கும் வீட்டு முற்றத்திற்கும் கொண்டுவருகிற அதிகாரம் இது.

நடைமுறையில் செய்யவேண்டியது இதுதான். ஒரு சனிக்கிழமை மாலை, 37 வசனங்கள் கொண்ட இந்த அதிகாரத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நம் வாழ்க்கைக்குப் பொருந்தும் ஒவ்வொரு வசனத்திற்கும் எதிரே ஒரு பெயரையோ ஓர் இடத்தையோ எழுதுங்கள். கூலியைப் பற்றிய வசனத்திற்கு எதிரே, கடைசியாக நம் வீட்டில் வேலை செய்த கொத்தனாரின் பெயர் வரலாம். கோள் சொல்வதைப் பற்றிய வசனத்திற்கு எதிரே, நாம் தினமும் பேசும் ஒரு தோழியின் பெயர் வரலாம். நரைத்தவர்களைப் பற்றிய வசனத்திற்கு எதிரே, பின்னறையில் தனியாகப் படுத்திருக்கும் நம் தாயாரின் பெயர் வரலாம். பொதுவாகச் செய்யப்படும் பாவ அறிக்கையில் ஒளிந்துகொள்ளும் எதுவும் இந்தத் தாளில் ஒளிந்துகொள்ள முடியாது. இந்த நோட்டை யாருக்கும் காட்டவேண்டியதில்லை, ஆனால் கிழித்து எறிந்துவிடவும் வேண்டாம்.

வேளையைக் குறித்துக்கொள்ளுதல்

அதிகாலை ஜெபம் என்றால் ஐந்து மணி என்று எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் போடுவது சரியல்ல. குலசேகரம், அருமனைப் பக்கங்களில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இருப்பார்கள். முட்டம், குளச்சல் கரைகளிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு இரவும் பகலும் இடம் மாறிக் கிடக்கும். செவிலியர்களாக வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கு வாரந்தோறும் ஷிப்ட் மாறும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதைவிட, எப்படியும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுவது நல்லது. எழுந்து முகம் கழுவியவுடன், கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிப்பதற்கு முன் என்று குறித்துக்கொண்டால், எழுவது எந்த நேரமாயினும் வேளை தப்பாது. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டதை, உயிருக்கு ஆபத்து வந்த நாளிலும் ‘முன் செய்துவந்தபடியே’ செய்தான் என்று வேதம் சொல்வதைக் கவனியுங்கள். சோதனை வந்த நாளில் அவன் புதிதாக ஒன்றையும் தொடங்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், தினமும் முடிகிற அளவு என்பதே. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் பட்டையை மெல்லியதாகச் சீவுகிறார். இன்றைக்கே அதிகப் பால் வேண்டுமென்று ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், மறுபட்டை சரியாக வளராது. அதுபோலவே, முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஜெபித்து மூன்றாம் வாரத்தில் நின்றுபோவதைவிட, இருபது நிமிடம் என்று தொடங்கி ஆண்டு முழுவதும் நிற்பது மேல். சங்கீதங்கள் 150, ஒரு நாளைக்கு ஐந்து வீதம் வாசித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதோடு ஒரு சுவிசேஷத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்; 16 அதிகாரங்களே உள்ள மாற்கு தொடங்குவதற்கு ஏற்றது. கைபேசியில் வாசிக்கவேண்டாம், அச்சிட்ட வேதாகமத்தில் வாசியுங்கள். ஏனெனில் கைபேசியில் வசனத்திற்கும் அடுத்த செய்திக்கும் இடையில் ஒரு விரலசைவு தூரந்தான் இருக்கிறது. வாசித்து முடித்தபின் ஒரே கேள்வி போதும்: இன்றைக்கு நான் சந்திக்கப்போகும் மனிதர்களில் யாரிடம் இந்த வசனம் சோதிக்கப்படும்? அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள்.

நம் மாவட்டத்தின் வீடுகளில் சாயங்காலக் குடும்ப ஜெபம் ஒரு காலத்தில் விளக்கேற்றுவதைப் போல இயல்பாக நடந்தது. இப்போது தொலைக்காட்சித் தொடரும் டியூஷனும் அந்த வேளையை எடுத்துக்கொண்டுவிட்டன. அதை மீட்டெடுப்பதற்கு நீண்ட பிரசங்கம் வேண்டாம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம், கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை என்று இருந்தால் போதும். ஆனால் ஒரு வழக்கத்தைக் கூடுதலாகச் சேர்க்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அன்று வீட்டில் யாரையாவது கடுமையாகப் பேசியிருந்தால், பாட்டுத் தொடங்குமுன், தகப்பனாக இருந்தாலும் தாயாக இருந்தாலும், பிள்ளைகள் கேட்க மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். பரிசுத்தம் வீட்டில் எவ்வளவு உண்மையானது என்பதைப் பிள்ளைகள் அந்த ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்வார்கள்.

கூலி, தராசு, எல்லைக்கல், சீதனம்

நம்மிடையே பரிசுத்தம் அதிகமாகத் தோற்கிற இடம் பணம் என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் பிரசங்க பீடத்திலிருந்து அதைப் பற்றிப் பேசப்படுவது குறைவு. கூலியிலிருந்து தொடங்குவோம். வேலை முடிந்த மாலையில், ‘நாளைக்கு வா, சேர்த்துத் தருகிறேன்’ என்று கையாளிடம் சொல்வது நமக்குச் சிறிய காரியம். அவருக்கோ அன்றைய அரிசி அது. வேலைக்கு ஆள் அழைப்பதற்கு முந்தைய நாளே கூலிப்பணத்தை எண்ணி ஓர் உறையில் போட்டு வைத்துவிடுங்கள்; உறையில் போடப் பணம் இல்லையென்றால் அந்த வேலையைத் தள்ளிவையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தராசைப் பற்றிய கட்டளையின் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஈரம் முழுவதும் வற்றாத ரப்பர் ஷீட்டை எடைக்குப் போடுவதும், நல்ல ஷீட்டைத் தரங்குறைந்தது என்று சொல்லி விலை குறைப்பதும், சீனி கலந்து காய்ச்சியதைச் சுத்தக் கருப்பட்டி என்று விற்பதும் ஒரே பாவத்தின் வெவ்வேறு முகங்கள். எல்லோரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் தொழில் நடத்த முடியாது என்ற பதிலை நான் அறிவேன். உண்மையாகவே நஷ்டம் வரும் என்பதையும் மறுக்கவில்லை. நஷ்டமில்லாமல் பரிசுத்தம் கிடைக்கும் என்று வேதம் எங்கும் வாக்களிக்கவில்லை. சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றபோதுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். சீனி கலந்த கருப்பட்டியைச் ‘சீனி கலந்தது’ என்றே எழுதி, அதற்குரிய விலைக்கு விற்பதிலிருந்து தொடங்கலாம்.

வீட்டுமனைகள் நெருக்கமாக அமைந்த நம் ஊர்களில் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நின்றுபோவதற்குப் பாகப்பிரிவினையும் வழித்தகராறும் முக்கியக் காரணங்கள். ‘உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே’ என்று நீதிமொழிகள் சொல்கிறது. ஒரு முழ நிலத்திற்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றத்திற்கு நடந்துகொண்டே, ஒரே ஆலயத்தில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்து திருவிருந்து எடுக்கும் சகோதரர்கள் எத்தனை பேர்! காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது இவர்களைப் பற்றியதுதான். வழக்கு ஏற்கெனவே நடந்தால், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரையும் போதகரையும் அழைத்து, சர்வேயர் அளந்த வரைபடத்தை நடுவில் வைத்துப் பேசுங்கள். அதற்குப் பிறகும் சமாதானம் வராவிட்டால், உங்களால் ஆனமட்டும் செய்தீர்கள். குறைந்தபட்சம் எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தாதீர்கள்.

சீதனத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லவேண்டும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஆயினும் இத்தனை பவுன், இத்தனை ரொக்கம் என்ற பேச்சு கிறிஸ்தவ வீடுகளிலும் நடக்கிறது, ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிகிறது. ‘நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்’ என்ற வாக்கியமும் கேட்பதுதான். அதைக் கேட்கும் பெண்ணின் தகப்பனாருக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். ஆண்பிள்ளையைப் பெற்றவர்கள், பெண் பார்க்கத் தொடங்குமுன்பே, வாங்கமாட்டோம் என்று வீட்டார் எல்லோரும் கூடி முடிவெடுத்து, அதைத் தரகரிடமும் போதகரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச்சு தொடங்கியபின் சொல்லலாம் என்று வைத்திருந்தால் உறவினர் பேச்சு உங்களை இழுத்துவிடும். மணமகன் தானே பெண்ணின் தகப்பனாரிடம் இதைச் சொன்னால் இன்னும் நல்லது. வரன் பார்க்கையில் விசுவாசத்திற்கு முன்பாகச் சாதியைக் கேட்பதும் இதே கணக்கில் சேரும்.

கண்ணும் நாவும்

கைபேசியைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. இரவில் அதைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள், அலாரத்திற்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்குங்கள், ஆபாசக் காட்சிகளுக்கு அடிமைப்பட்டிருந்தால் நம்பிக்கைக்குரிய ஒரே ஒரு மனிதரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். யோசேப்பு போத்திபாரின் வீட்டில் நின்று வாதிடாமல் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். வளைகுடா நாடுகளில் குடும்பத்தைப் பிரிந்து வேலை செய்கிறவர்களுக்கு இது மிகவும் கடினமான போராட்டம். தினமும் ஒரு குறித்த நேரத்தில் மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து போனிலேயே குடும்ப ஜெபம் செய்வது அவர்களைத் தாங்கும்.

நாவைக் காப்பது இதைவிடக் கடினம். ‘கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்’ என்ற 141ஆம் சங்கீதத்தின் ஜெபத்தைச் சபைத் தேர்தல் காலத்தில் ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்லிக்கொள்ளவேண்டும் என்பேன். கமிட்டிக்குப் போட்டியிடுகிறவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை, அது உண்மையா என்று தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்புகிறவர் கோள் சொல்லித் திரிகிறவரே. எழுதியவர் வேறொருவர் என்பது விடுதலை தராது. இங்கே ஒரு சிறு ஒழுங்கு உதவும்: பேசப்படுகிறவர் இப்போது இதே திண்ணையில் அமர்ந்திருந்தால் இதே சொற்களை இதே குரலில் சொல்வேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லமாட்டேன் என்றால், நிறுத்திவிடுங்கள் அல்லது எழுந்துபோய் அவரிடமே பேசுங்கள்.

நீண்ட நாட்கள் நின்றவர்கள்

நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயம், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைது செய்யப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய மரணத்தை மட்டும் நினைவுகூர்கிறவர்கள், கைதுக்கும் மரணத்துக்கும் இடையில் கழிந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளையும் நினைக்கவேண்டும். விடுதலை பெறக் கிறிஸ்துவை மறுதலிக்கும் ஒரு சொல் போதுமாயிருந்த நிலையில், ஒவ்வொரு காலையும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்த ஆண்டுகள் அவை. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனெரி ரிங்கல்தௌபே மிக எளிய வாழ்க்கை வாழ்ந்து ஊழியம் செய்தார். அவருக்கு முன்பே மயிலாடியில் விசுவாசத்தை ஏற்று, மிஷனெரியை அழைத்தவர் மகராசன் வேதமாணிக்கம். இவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆலயத்திற்குப் போகும் வழியிலேயே அவர்கள் நடந்த இடங்கள் இருக்கின்றன.

விழுந்த நாளில் செய்யவேண்டியது

இந்தப் பகுதியைச் சரியாகக் கற்றுக்கொள்ளாதவர்களால் மற்ற எதையும் நீண்ட நாள் கடைப்பிடிக்க முடியாது. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. விழுந்தவுடன் பலர் செய்கிற தவறு, அடுத்த கூட்டம்வரை அல்லது அடுத்த லெந்து காலம்வரை காத்திருப்பது. அந்த இடைவெளியில்தான் ஒரு பாவம் பழக்கமாகிறது. அன்றிரவே, படுக்குமுன், செய்ததை அதன் சொந்தப் பெயரால் தேவனிடம் சொல்லுங்கள்; ‘பலவீனத்தால் தவறினேன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இன்று இன்னாரிடம் பொய் சொன்னேன்’ என்று சொல்லுங்கள். நம் பாவங்களை நாம் அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்ற 1 யோவான் 1:9இன் வாக்கை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு, பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால் மறுநாளே அவரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது, அதைப் பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திற்கென்று மட்டும் ஒதுக்கிவைக்கவேண்டாம். மற்றவர்கள் யாக்கோபு 5:16 சொல்கிறபடி, முதிர்ந்த ஒரு விசுவாசியிடம் மாதம் ஒருமுறையாவது மனந்திறந்து பேசும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். பேதுரு மனங்கசந்து அழுதபின் மற்றச் சீஷர்களோடு இருந்தான், யூதாஸ் தனியாகப் போனான்.

மதுவுக்கு அடிமையானவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் தனியாக ஒரு சொல். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் கூட்டத்தில் தீர்மானம் எடுத்துத் திடீரென்று நிறுத்தும்போது, நடுக்கமும் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் மருத்துவமனையில் தங்கி நிறுத்துவதும் அவசியம். அது விசுவாசக் குறைவு ஆகாது. நெய்யூரில் 1838 முதலே மருத்துவ ஊழியத்தைக் கண்டிருக்கிற நமக்கு, ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று எதிர்ப்பவை என்ற எண்ணம் வரவே கூடாது. ஒருவர் மறுபடியும் குடித்துவிட்டு வந்தால், அவருடைய சாட்சி பொய்யாய்ப் போயிற்று என்று சபையார் கைகழுவவேண்டாம். அடுத்த நாள் காலையில் யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போகவேண்டும்.

எங்கே தொடங்குவது

மேலே எழுதிய அனைத்தையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மாதத்தில் காலை வேளையையும் லேவியராகம நோட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதிய பெயர்களில் ஒன்றை, எளிதானதாகவே இருக்கட்டும், இரண்டாம் மாதத்தில் சரிசெய்யுங்கள்: கொடுக்காமல் விட்ட கூலியாக இருக்கலாம், பேசாமல் நின்ற உறவாக இருக்கலாம். சனிக்கிழமை மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரத்தில் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம், யாரை வருத்தினோம் என்று நோட்டைத் திறந்து பாருங்கள். ஞாயிறன்று பலர் கடலுக்குப் போகாமல் வலையை ஓய வைக்கும் கடற்கரை ஊர்களில் அந்த மாலை இதற்கு மிகவும் ஏற்றது. மூன்று மாதம் கழித்து, உங்களோடு மனந்திறந்து பேசும் அந்த விசுவாசியிடம் நோட்டில் தீர்ந்தவற்றையும் தீராதவற்றையும் சொல்லி, இருவரும் சேர்ந்து ஜெபித்துவிட்டு, அடுத்த பெயரை எடுங்கள்.